பொட்டு கலையாத ஏழாம் நம்பர்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே,

போன வாரம் கடைக்கு வந்த இடத்தில் உங்களில் ஒருவரைச் சத்தம் போட்டுவிட்டேன். கவுண்ட்டருக்குப் பின்னால் சுவரில் தொங்கும் பழைய ஏழாம் நம்பர் அயர்ன் கோல்ஃப் மட்டையைத் துணியால் துடைக்கப் போன தங்கச்சியைத்தான் சொல்கிறேன். அழுக்கு என்று நினைத்தாய், பாவம். ஓய்வு பெற்ற கிழவன் வந்து கத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? அதற்கு மன்னிப்பு. பாய் உடனே, "மணியம், நீ சும்மா இரு. கத்தறதுக்குப் பதிலா என்ன ஏதுன்னு எழுதிக் கொடு" என்றார். முதலாளி பேச்சை முப்பது வருடத்துக்கு மேல் கேட்டுப் பழகியவன் நான். இதோ எழுதுகிறேன்.

உங்களிடம் இப்போது நல்ல இயந்திரம் இருக்கிறது. பந்து எந்த வேகத்தில் போகிறது, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று திரையில் காட்டிவிடுகிறது. எங்களுக்கு அதெல்லாம் கிடையாது. மட்டையின் முகத்தில் முகப்பவுடரைத் தடவி அடிக்கச் சொல்லி, பந்து எங்கே பட்டது என்று பவுடர் கலைந்த இடத்தைப் பார்ப்போம். அதையும் நான் ஒரு முறை செய்யாமல் விட்டேன். அந்தக் கதைதான் இது.

அயர்னில் இரண்டு துருவம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்று மெலிந்த தலை. நடுவில் பெருவிரல் அளவு இடம்தான் அதன் உயிர்நிலை. அங்கே பட்டால் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும். கொஞ்சம் தள்ளிப் பட்டால் கை அதிரும், பந்து ஓரத்தில் நிற்கும் செம்பனை மரங்களுக்குள் போய்விடும். சுங்கை புரோங்கிலிருந்து வருவாரே, நெல் ஆலை வைத்திருக்கும் சீனர், அவருக்கு அதுதான் சரி. தடித்ததைக் கொடுத்தால் சலித்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்னொன்று, பின்பக்கம் குடைந்து, எடையை ஓரங்களுக்குத் தள்ளி, அடிப்பாகத்தை அகலமாக்கிச் செய்த தடித்த தலை. தள்ளிப் பட்டாலும் பந்து ஓரளவு நேராகப் போகும். இதை நான் பிழை பொறுக்கும் மட்டை என்பேன். மழைக்காலத்து நம் களிமண்ணில் மெலிந்தது மண்வெட்டியாக இறங்கிவிடும், அகலமானது வழுக்கிக்கொண்டு போகும். யாருக்கு எது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. படிக்கத் தெரிந்தும் நான் தப்பாகக் கொடுத்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் இருந்தபோது தனபாலன் கடைக்கு வந்தார். கோலசிலாங்கூருக்கு வடக்கே ஒரு செம்பனைத் தோட்டத்தின் மேனேஜர். அதே தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அவருக்கு முன்னால் அந்த மேனேஜர் நாற்காலியில் நம் தமிழ் ஆள் எவரும் உட்கார்ந்ததில்லை. நான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அவர் உள்ளே வந்ததும் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். கடைக்கு எத்தனையோ டாக்டர்கள், போலீஸ் அதிகாரிகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் உட்கார்ந்தபடியே பதில் சொன்னவன்தான் நான்.

கோல்ஃப் ஆட ஆரம்பித்து ஒன்பது மாதம்தான் ஆகிறது என்றார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"மணியம், எங்க தாத்தா தொரையோட கோல்ஃப் பையைத் தூக்கிக்கிட்டு நடந்தவரு. பைக்குள்ள இருந்த அயர்ன் எல்லாம் மெல்லிசா, பளபளன்னு இருக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. எனக்கு அந்த மாதிரிதான் வேணும்."

கடைக்குப் பின்னால் பந்து அடித்துப் பழகும் ரேஞ்சு இருக்கிறது. ஒரு கூடை பந்தைக் கொட்டி, பத்து அடி அடியுங்கள் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மேனேஜரை நிற்க வைத்து அடித்துக் காட்டச் சொல்வதா? லயத்தில் வளர்ந்தவன் உடம்புக்கு அது வராது. இருப்பதிலேயே மெலிந்த செட்டை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தேன். அவர் முகம் மலர்ந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது.

அவர் கார் கிளம்பியதும் பாய் என்னிடம் வந்தார்.

"அவரு எப்படி அடிக்கிறாருன்னு பாத்தியா?"

"பாக்கல பாய்."

"பின்ன எப்படிக் கொடுத்த?"

"நம்மாளு பாய். அவருக்குப் போயி, நேத்து ஆட வந்தவங்க மட்டையைக் காட்டச் சொல்றீங்களா?"

"மட்டைக்கு நம்மாளு, வேத்தாளுன்னு தெரியுமாலா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்துத் தனபாலன் மறுபடி வந்தார். உள்ளங்கை கொப்புளித்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் மட்டையை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஆரம்பித்தார்.

"நம்ம தோட்டத்துத் தமிழ் ஸ்கூலு தெரியும்ல? ரோட்டைப் பெருசாக்கினப்ப புள்ளைங்க விளையாடற பாடாங் போயிருச்சு. புள்ளைங்க அசெம்ப்ளிக்கு நிக்கறதே கார் நிறுத்தற எடத்துலதான். ஓடி விளையாட எடமில்லன்னு ஆளாளுக்குப் புள்ளைங்கள டவுன் ஸ்கூலுக்கு மாத்தறாங்க. ஸ்கூலுக்குப் பின்னால ஒரு ஏக்கர் பழைய செம்பன நிக்குது. இந்த வருசம் சாய்ச்சுட்டுப் புதுக் கன்னு நடப் போறாங்க."

"அந்த ஒரு ஏக்கரைக் கேட்டுப் பாத்தீங்களா சார்?"

"மூணு தடவ எழுதிட்டேன். பரிசீலனையில இருக்குன்னு பதில் வருது. கன்ன நட்டுட்டா அவ்வளவுதான் மணியம். இருபத்தஞ்சு வருசத்துக்கு எவனும் தொட மாட்டான். அதுக்குள்ள ஸ்கூலே இருக்காது."

அவர் படித்த பள்ளிக்கூடம் அது. திடலுக்காக அவர் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். கம்பெனியின் வருடாந்தரப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. நிலத்தைப் பற்றி முடிவு சொல்லக்கூடிய இயக்குநர் டத்தோ பட்டம் பெற்றவர். அவர் ஆடும் நால்வர் குழுவில் தனபாலன் பெயரும் இருந்தது.

"ஆபீசுல அவரைப் பத்து நிமிசம் பாக்க முடியாது. அங்க நாலு மணி நேரம் கூடவே நடக்கலாம். எப்படியாவது பேசிரலாம்னு இருந்தேன். ஆனா போன வாரம் பழகிப் பாத்தேன். மத்தவங்க எல்லாம் நடுவுல நடக்கறாங்க, நான் மட்டும் செம்பனைக்குள்ள பந்து தேடிக்கிட்டிருக்கேன். இந்த லட்சணத்துல டத்தோ மொகத்தையே பாக்க முடியாது. வரலன்னு சொல்லிரலாம்னு தோணுது."

தம்பிகளே, அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, தப்பு அவர் கையில் இல்லை, நான் கொடுத்த மட்டையில் இருக்கிறது என்று. சொன்னேனா? இல்லை. "இன்னும் கொஞ்சம் பழக்கம் வேணும் சார்" என்றேன். முதலில் செய்ததாவது மரியாதையில் வந்த முட்டாள்தனம். இது சுத்தமான கோழைத்தனம். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மறுவாரம் ஆயுத பூசை வந்தது. செட்டைக் கொண்டுவந்து பூசையில் வையுங்கள் சார் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பாரத்தைச் சாமி தலையில் இறக்கி வைத்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கடையில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று இந்த வருடம் நீங்களே பார்ப்பீர்கள். ஐயர் கிடையாது, நான்தான். பிடி மாற்றும் கருவி, அளவுகோல், கல்லாப்பெட்டி, மாதிரிக்கு வைத்திருக்கும் செட்டுகள், வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் செட்டுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். பாய் பூசைக்குள் வர மாட்டார். ஆனால் கடலை தாளிக்கும் வாசனை வந்தால் தட்டோடு முதல் ஆளாக வாசலில் நிற்பார். தொழில் பழக்கம் விடுமா? ஒவ்வொரு மட்டையிலும் முகத்தின் நட்டநடுவில்தான் என் கை பொட்டு வைக்கும், பந்து பட வேண்டிய அதே இடத்தில்.

பூசையன்று எதையும் தொடுவதில்லை. மறுநாள் விஜயதசமி, புதிதாகத் தொடங்கும் நாள். காலையிலேயே தனபாலன் வந்துவிட்டார். "பொட்டைத் தொடைக்காதீங்க. அப்படியே மொத பந்தை அடிக்கிறேன்" என்றார். பின்னால் ரேஞ்சுக்குப் போனோம். இரவு பெய்த மழையில் தரை ஊறிக் கிடந்தது. ஏழாம் நம்பரை எடுத்துப் பத்து பந்து அடித்தார். இரண்டு வலப்பக்கம் பறந்தன. நாலு தரையோடு உருண்டன. மற்றவை எங்கே போயின என்று நான் பார்க்கவில்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மட்டையை என்னிடம் நீட்டினார். முகத்தின் அடிவிளிம்பில் சேறு, கழுத்தோரம் பந்தின் தடம். நடுவில் நான் வைத்த பொட்டு வைத்தபடியே இருந்தது. சந்தனத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பத்து பந்தில் ஒன்றுகூட அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அவரும் அதைப் பார்த்தார். பவுடர் வித்தை தெரியாதவருக்கும் அது புரிந்தது.

"சாமிகூட என் பக்கம் இல்ல போலிருக்கு" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. "டத்தோ ஆபீசுக்கு இன்னிக்கே போன் பண்ணி வரலன்னு சொல்லிர்றேன் மணியம்."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"தப்பு உங்க மேல இல்ல சார். நான்தான் தப்பான சாமானைக் கொடுத்துட்டேன். இது பத்துப் பதினஞ்சு வருசம் ஆடினவங்க பிடிக்கிறது. அன்னிக்கே உங்களை அடிக்கச் சொல்லிப் பாத்திருக்கணும். மேனேஜராச்சேன்னு கூச்சப்பட்டுக் கேக்காம விட்டுட்டேன். உங்களுக்கு வேணும்கறது அதோ இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். கடையின் பின்வாசலோரம் மாதிரிக்கு வைத்திருந்த தடித்த செட்டு, அதற்கும் பொட்டு வைத்திருந்தேன். அவர் முகம் சிவந்தது.

"எனக்கு அம்பத்திரெண்டு வயசு. டத்தோ முன்னால அதையா தூக்கிக்கிட்டுப் போகச் சொல்றீங்க? பாலர் பள்ளி மட்டை மாதிரி இருக்கு. பாக்கறவன் சிரிக்க மாட்டான்?"

நடுத்தரமான செட்டு ஒன்று கடையில் இருந்தது. பார்க்க மெலிந்திருக்கும், கொஞ்சம் பிழையும் பொறுக்கும். அதைக் கொடுத்தால் அவர் மானமும் நிற்கும், என் பாடும் தப்பும். அலமாரிப் பக்கம் அரை அடி எடுத்தும் வைத்துவிட்டேன். ஆனால் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. ஒரு வருடம் கையில் இருக்கும் ஆளுக்கு அது சரியான மட்டை, மூன்று வாரத்துக்கு இல்லை. திரும்பி நின்றேன்.

"சார், நீங்க அங்க போறது எதுக்கு? மட்டையைக் காட்டவா, ஸ்கூலுக்குப் பாடாங் கேக்கவா? டத்தோ பக்கத்துல நடக்கணும்னா பந்து நடுவுல போகணும். இந்த மட்டை அதை மட்டும்தான் செய்யும்."

அவர் கோபத்தோடுதான் அந்தத் தடித்த ஏழாம் நம்பரைப் பிடுங்கினார், கோபத்தோடுதான் அடித்தார். பந்து எழும்பி நேராகப் போய் விழுந்தது. இன்னொன்று, அதுவும் நேராக. பத்தும் அடித்து முடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தோம். பொய் சொல்ல மாட்டேன், அதிலும் பொட்டு பெரும்பாலும் தப்பித்திருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. ஆட்டம் அதே ஆட்டம்தான். ஆனால் எட்டு பந்து நடுவில் கிடந்தன.

"போலேலா" என்றார் மெதுவாக. சரிதான் என்று அர்த்தம். கேலியாகவும் இல்லை, முழு மனதாகவும் இல்லை.

நீளமான மூன்றாம் நான்காம் நம்பர்களைப் பையில் வைக்கவே நான் விடவில்லை. அவற்றுக்குப் பதிலாகக் குண்டுத் தலை மட்டை ஒன்றைக் கொடுத்தேன். பாய் பழைய செட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். தனபாலன் வேண்டாம் என்றார். பொட்டோடு நின்ற அந்த ஏழாம் நம்பரை மட்டும் கவுண்ட்டரில் வைத்து, "இது உங்ககிட்ட இருக்கட்டும். என்னை மாதிரி இன்னொருத்தன் வந்தா காட்டுங்க" என்றார். நீங்கள் துடைக்கப் போனது அதைத்தான்.

போட்டியன்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பேட்டரி வண்டி ஓட்டுவது என் வேலை. முதல் குழியில் டத்தோவின் பையைப் பார்த்தேன். நான் தனபாலனுக்கு முதலில் விற்றதைவிட மெலிந்த செட்டு, பளபளவென்று. தனபாலனின் பையை எட்டிப் பார்த்த டத்தோ புருவத்தை உயர்த்தினார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனபாலன் காது மடல் சிவந்ததை நான் வண்டியிலிருந்து பார்த்தேன்.

அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. தனபாலன் பந்து நூற்று முப்பது கஜம் போகும், நடுவில் கிடக்கும். மறுபடி அடிப்பார், நடுவில் கிடக்கும். பார்க்க ஒரு அழகும் இல்லை, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. டத்தோ அடித்ததோ அழகாகச் சுழன்று செம்பனைக்குள் போனது. மூன்றாம் குழியில் ஒன்று, ஐந்தாம் குழியில் ஒன்று, எட்டாம் குழியில் இரண்டு. முதலில் எல்லோரும் சேர்ந்து தேடினார்கள். எட்டாம் குழிக்கு மேல் அந்த இருவரும் சலித்துப்போய் வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தேடுவதற்குத் தன் பந்து என்று ஒன்றில்லாத தனபாலன் மட்டும் ஒவ்வொரு தடவையும் டத்தோவோடு உள்ளே போனார்.

நான் போட்ட கணக்கு இப்படி நடக்கும் என்று நானே நினைக்கவில்லை. நடுவில் நடந்தால் பேசலாம் என்று சொன்னேன். பேச்சு நடந்தது புதருக்குள்.

பதினோராம் குழியில் உள்ளே போனவர்கள் வெகுநேரம் வரவில்லை. வண்டியைச் சற்று உள்ளே நகர்த்தி எட்டிப் பார்த்தேன். விழுந்து கிடந்த மரத்தில் டத்தோ உட்கார்ந்திருந்தார். தனபாலன் நின்றுகொண்டு மேலே பார்த்து, இது இருபத்தாறு வருட மரம் இருக்கும், காய்ப்பு குறைந்திருக்கும், சாய்க்க வேண்டியதுதான் என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் தோட்டத்தில் எப்போது சாய்க்கிறீர்கள் என்று டத்தோ கேட்டார். அடுத்த மாதம் என்றார் தனபாலன். அப்புறம் குரல் தணிந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்ற சொல் மட்டும் இரண்டு மூன்று தடவை காதில் விழுந்தது. நான் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்தபோது இருவர் சட்டையும் வியர்வையில் நனைந்திருந்தது.

"பந்து கெடைச்சுதா சார்?" என்றேன்.

"பந்து கெடைக்கல" என்றார் தனபாலன். "பாடாங் கெடைக்கும் போலிருக்கு. கன்னு வர்றதுக்குள்ள அளந்து, எல்லை போட்டுக் கொடுன்னு சொல்லிட்டாரு."

மீதி ஏழு குழியை அவர் எப்படி ஆடினார் என்று கேட்காதீர்கள். சந்தோஷத்தில் தண்ணீருக்குள்ளேயே மூன்று பந்து அடித்தார். பிழை பொறுக்கும் மட்டையும் எவ்வளவுதான் பொறுக்கும்?

கதை அங்கே முடியவில்லை. நில அளவையாளர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். மரங்களைச் சாய்த்தாயிற்று, கன்றுகள் லோரியில் வந்து இறங்கிவிட்டன. மறுநாள் நடவு என்றிருந்த காலையில் தனபாலனிடமிருந்து போன் வந்தது. "மணியம், வந்து பாருங்க" என்று மட்டும் சொன்னார். என்னவோ ஏதோ என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பள்ளிக்குப் பின்னால் வெட்டவெளியாகக் கிடந்தது நிலம். தானே நாடா பிடித்து அளந்திருக்கிறார். ஒரு ஏக்கர் கேட்டதில் முக்கால் ஏக்கர்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதன் நான்கு மூலையிலும் பளபளவென்று ஏதோ நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். நான் விற்ற அந்த மெலிந்த அயர்ன்கள். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. பிடியை மண்ணுக்குள் இறக்கி, தலை மேலே இருக்கும்படி ஊன்றி, சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். ஒவ்வொன்றின் முகத்திலும் நான் ஆயுத பூசையன்று வைத்த பொட்டு காய்ந்துபோய், கலையாமல் இருந்தது.

"பிளாஸ்டிக் கம்பு நட்டா டிராக்டர்காரன் பிடுங்கிப் போட்டுட்டு உழுதுட்டுப் போயிருவான். பொட்டு வச்சதை நம்ம ஆளுங்க தொடுவாங்களா?"

உண்மைதான். டிராக்டர் ஓட்டுபவர் நாங்கள் நிற்கும்போதே அந்தப் பக்கம் வந்தார். மூலையில் நின்ற மூன்றாம் நம்பரைப் பார்த்தார். வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சுற்றி வளைத்துப் போனார். தனபாலன் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நீங்க வித்த சாமான் இப்பதான் மணியம் நேரா நிக்குது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் தப்பாகக் கொடுத்தது, மேனேஜர் ஆசையாக வாங்கியது, அவர் தாத்தா தோளில் சுமந்த அதே மாதிரி மட்டை, இப்போது பள்ளிக்கூடத்துக்கு எல்லைக்கல்லாக நின்றது. அந்த நேரம் இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வேலிப் பக்கம் ஓடி வந்தார்கள். அதற்குள் யாரோ வேலிக் கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சேறு, வராதீங்க, வராதீங்க என்று டீச்சர் கத்திக்கொண்டே இருந்தார். ஒரு பிள்ளைகூடக் கேட்கவில்லை.

அதனால்தான் அன்றைக்குக் கத்தினேன் தங்கச்சி. உங்கள் இயந்திரம் சொல்வதை நம்புங்கள், ஆனால் வந்தவர் எதற்காக ஆடப் போகிறார் என்று அவரிடமே கேளுங்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் முதலில் பத்து பந்து அடிக்கச் சொல்லுங்கள். வாய் வரவில்லை என்றால் சுவரிலிருந்து அந்த ஏழாம் நம்பரை எடுத்து அவர் கையில் கொடுங்கள். பொட்டை மட்டும் துடைத்துவிடாதீர்கள்.